பினாங்கில் சைக்கிள் ஓட்டுவோருக்கு: ஹெல்மட்டும் சாலைப் பாதுகாப்பும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கமும் தீவுப் பக்கமும் சைக்கிள் ஓட்டுகிற நம்மவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டமாகத் தீவைச் சுற்றுகிறவர்கள் தலையில் ஹெல்மட் இருக்கிறது. பிறைத் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவர், பசாருக்குப் போகும் அம்மா, தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளை, இவர்கள் தலையில்தான் இல்லை. முதலில் இவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மலேசியாவில் சைக்கிளுக்கு ஹெல்மட் சட்டப்படி கட்டாயமா?

மோட்டார் சைக்கிளுக்கு 1973 முதல் கட்டாயம். சாதாரண மிதி சைக்கிளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990-இல் சைக்கிளுக்கும் கட்டாயமாக்கியது, நியூசிலாந்து 1994-இல் கொண்டுவந்தது. நெதர்லாந்தில் சட்டமும் இல்லை, போடுபவர்களும் குறைவு. ஆனால் அங்கே சைக்கிளுக்கென்று தனிப் பாதை ஊரெங்கும் போட்டிருக்கிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. கம்பெனி லோரியும் ஃபேக்டரி பஸ்ஸும் நம் தோளை உரசிக்கொண்டு போகிற சாலையில்தான் ஓட்டுகிறோம். சட்டம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

பக்கத்துப் பசார் வரைக்கும்தான், அதுவும் மெதுவாகத்தான் போகிறேன். எனக்கு எதற்கு?

மெதுவாகப் போகிறவருக்குத்தான் ஹெல்மட் நன்றாக வேலை செய்யும். சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால், சைக்கிள் நின்றுகொண்டிருந்தாலும் சரி, தலை தார் ரோட்டில் மோதும்போது மணிக்குச் சுமார் 19 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். இதற்கு லோரி வேண்டாம், கார் வேண்டாம். ஹேண்டிலில் மாட்டிய காய்கறிப் பை முன்சக்கரத்தில் சிக்கினால் போதும். நடைபாதை விளிம்பும் லோங்காங் (சாலையோரச் சாக்கடை) ஓரமும் சிமெண்டு என்பதை மறக்காதீர்கள்.

ஐரோப்பியத் தரமான இஎன் 1078 சோதனையில் ஹெல்மட்டைத் தட்டையான இரும்பின் மேல் போடுவதும் இதே ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்துதான். ஆக, நீங்கள் பசாருக்குப் போகும் வழியில் விழக்கூடிய அந்த விழுகைக்காகவே செய்த பொருள் அது.

அது உண்மையிலேயே எவ்வளவு காப்பாற்றும்?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் 40 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். காயமடைந்த 64,000-க்கும் மேற்பட்ட சைக்கிளோட்டிகளின் விவரம் அதில் இருந்தது. ஹெல்மட் போட்டிருந்தவர்களுக்குத் தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகவும், கடுமையான தலைக்காயத்தின் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகவும் குறைந்திருந்தது. முகக் காயத்தின் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்திருந்தது.

அது காப்பாற்றாததையும் சொல்லிவிட வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் இடித்தால் அந்த அடியைத் தாங்கும்படி எந்த சைக்கிள் ஹெல்மட்டும் செய்யப்படவில்லை. நெஞ்சு, இடுப்பு, கால் எதையும் அது மூடுவதில்லை. அந்த இடி நேராமல் பார்த்துக்கொள்வது லைட்டின் வேலை, பிரேக்கின் வேலை, சாலையில் நீங்கள் எங்கே ஓட்டுகிறீர்கள் என்பதன் வேலை. அதனால்தான் கீழே பாதிக்கு மேல் ஹெல்மட் அல்லாத விஷயங்களாக இருக்கின்றன.

கடையில் எதைப் பார்த்து வாங்குவது?

உள்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். இஎன் 1078 அல்லது அமெரிக்கத் தரமான சிபிஎஸ்சி, இரண்டில் ஒன்று இருக்க வேண்டும். ஆஸ்திரேலியத் தரமும் நல்லதுதான். எதுவுமே இல்லாமல் வெறும் பிராண்டுப் பெயர் மட்டும் இருந்தால் வாங்காதீர்கள், எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. பாசார் மாலாமில் தொங்குகிற பொம்மை ஹெல்மட்டுகளில் பல இந்த வகை.

விலை அதிகமானால் பாதுகாப்பும் அதிகம் என்று நினைக்க வேண்டாம். எடை, காற்றோட்டம், தோற்றம் இவற்றுக்குத்தான் பெரும்பாலும் கூடுதல் காசு. நூறு வெள்ளிக்குள்ளேயே தர முத்திரை உள்ளது கிடைக்கும். கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் ‘மிப்ஸ்’ உள்ளதைப் பாருங்கள். ஸ்வீடன் ஆய்வாளர்கள் உருவாக்கிய மெல்லிய உள்அடுக்கு அது. தலை சாய்வாக மோதும்போது ஹெல்மட் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை வழுக்கி நகரும், மூளை சுழன்று அதிர்வது குறையும். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2018 முதல் சைக்கிள் ஹெல்மட்டுகளைச் சோதித்து நட்சத்திர மதிப்பு கொடுத்து இலவசமாக வெளியிடுகிறது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாடல் அதில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

பழையது வாங்கவே வேண்டாம். அது ஏற்கெனவே ஒருமுறை விழுந்ததா என்று வெளியில் தெரியாது.

மோட்டார் ஹெல்மட் வீட்டில் இருக்கிறதே, அதையே போட்டுக்கொண்டால்?

ஒன்றும் இல்லாததற்கு அது மேல்தான். ஆனால் கனம் அதிகம், காற்று போகாது, காதை மூடிவிடும். நம் ஊர் வெயிலில் மிதித்துக்கொண்டு அதை அரைமணி நேரம் தாங்க முடியாது. இரண்டாம் நாள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவீர்கள்.

சரியாக மாட்டுவது எப்படி?

சாலையில் பார்க்கும் ஹெல்மட்டுகளில் நிறைய, பின்னந்தலையில் சாய்ந்து, நெற்றி முழுக்கத் திறந்து கிடக்கும். முன்பக்கமாக விழுந்தால் முதலில் அடிபடுவது அந்த நெற்றிதான்.

கண்ணாடி முன் நின்று மாட்டுங்கள். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் வைக்கும் இடம் மட்டும் விட்டு, ஹெல்மட் மட்டமாக உட்கார வேண்டும். பின்னால் உள்ள சிறிய சக்கரத்தைத் திருகி, கையை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டுங்கள். வார் போடாமலேயே அது நகரக்கூடாது. பிறகு இரண்டு பக்க வார்களும் காது மடலுக்குக் கீழே ஒன்றுசேர்கிற மாதிரி பிடிப்பானை நகர்த்துங்கள். தாடைக்கடியில் வாரைப் பூட்டினால் ஒரு விரல் நுழைய வேண்டும், இரண்டாவது விரல் சிரமப்பட வேண்டும். கடைசியாக வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விடுங்கள். ஹெல்மட் தலையை லேசாகக் கீழே அழுத்தினால் சரியாக இருக்கிறது.

வாரைப் பூட்டாமல் போடுவது, போடாததற்குச் சமம். விழும்போது தலைக்கு முன்னால் அது பறந்துவிடும்.

கொண்டை, பின்னல், பூ இருக்கிறதே, எப்படிப் போடுவது?

பெண்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. கேட்க வேண்டியதும்கூட, ஏனென்றால் ஹெல்மட் போடாததற்குப் பலர் சொல்லும் காரணம் இதுதான். உச்சிக்கொண்டை ஹெல்மட்டைத் தூக்கிவிடும். கழுத்துக்கு அருகில் தாழ்வாகப் பின்னலிட்டால் பின்பக்கச் சக்கரத்துக்குக் கீழே பின்னல் வெளியே வந்துவிடும். கனமான கிளிப்பும் ஊசியும் உள்ளே இருக்கக்கூடாது, அடிபட்டால் மண்டைத் தோலில் குத்தும். கோயிலுக்குப் போகும் நாளில் பூவைப் பையில் வைத்துக்கொண்டு போய் இறங்கியதும் சூடிக்கொள்ளலாம். துணி கட்டுவதானால் மெல்லியதாக, முடிச்சு உள்ளே வராமல் கட்டுங்கள்.

எண்ணெய்த் தலை, வியர்வை, நாற்றம்?

உள்ளே இருக்கும் மெத்தைத் துண்டுகள் பிய்த்தால் வந்துவிடும். குளிக்கும் சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். தின்னர், பெட்ரோல் போட்டுத் துடைக்கவே கூடாது, உள்நுரையைக் கரைத்துவிடும்.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

அடி பட்டால் அன்றைக்கே. உள்ளே இருப்பது மீன் பெட்டி செய்கிற அதே பாலிஸ்டைரீன் நுரை. தலைக்கு வரும் அடியைத் தான் நசுங்கி வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை, ஒருமுறை நசுங்கினால் திரும்ப எழாது. வெளி ஓடு பளபளவென்று இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அடியே படாவிட்டாலும், தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டு என்கிறார்கள். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஐந்து முதல் பத்து ஆண்டு வரை என்கிறது. வெயிலில் நிறுத்திய காரின் பின்கண்ணாடி ஓரத்தில் ஹெல்மட்டைப் போட்டுவைக்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள்.

பிள்ளை சைக்கிளில் பள்ளிக்குப் போகிறான். ஹெல்மட் வாங்கிக் கொடுத்துவிட்டேன், போதுமா?

போதாது. லைட் வாங்கிக் கொடுத்தீர்களா?

1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது. அதனால் நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பினாங்கில் சூரியன் ஏழு மணிக்கு முன்னால் எழுவதே இல்லை. பிப்ரவரியில் ஏழரை ஆகிவிடும். பள்ளி மணி அடிப்பதும் அந்த நேரத்தில்தான். அப்படியானால் பிள்ளை சைக்கிள் ஓட்டுவது இருட்டில். பெற்றோர் ‘காலை நேரம்தானே’ என்று நினைத்து அனுப்புகிறார்கள். எதிரே அரைத் தூக்கத்தில் ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிற மோட்டார்கள் வருகின்றன.

முன்னால் வெள்ளை லைட், பின்னால் சிவப்பு லைட், இரண்டும் வேண்டும். சீட்டுக்கடியில் உள்ள சிவப்புக் கண்ணாடியைப் புத்தகப்பை மறைத்துவிடுகிறது, அதை வீட்டு வாசலில் பிள்ளையை ஏற்றி உட்காரவைத்துப் பின்னால் நின்று பாருங்கள். பையிலேயே ஒளிர்பட்டை தைத்துவிடுவது நல்லது. கணுக்காலில் ஒரு பட்டை கட்டினால் அதைவிட நல்லது. மேலும் கீழும் ஆடுகிற ஒளியைப் பார்த்தவுடன் ‘இது சைக்கிள் மிதிக்கிற ஆள்’ என்று தூரத்திலேயே டிரைவருக்குப் புரிந்துவிடும். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் ஒரு வினாடியில் 14 மீட்டர் ஓடிவிடும், அந்த ஒரு வினாடியை நாம்தான் அவருக்குக் கொடுக்க வேண்டும்.

ஹெல்மட்டைப் பிள்ளை வளர்ந்தால் சரியாகும் என்று பெரிதாக வாங்காதீர்கள். விளையாட்டுத் திடலில் ஏறி விளையாடும்போது கழற்றிவிடச் சொல்லுங்கள், வார் கம்பியில் மாட்டிக் கழுத்தை நெரிக்கும் ஆபத்து உண்டு.

பையன் பிரேக்கைக் கழற்றிவிட்டு நண்பர்களோடு ராத்திரியில் சைக்கிள் ஓட்டுகிறான். என்ன சொல்வது?

2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் அதிகாலை மூன்று மணியளவில் இப்படி மாற்றியமைத்த சைக்கிள்களில் கூட்டமாகச் சென்ற பிள்ளைகள் மேல் கார் மோதி 8 பேர் இறந்தார்கள். இப்படி மாற்றிய சைக்கிளைத்தான் ‘பாசிக்கல் லாஜாக்’ என்கிறார்கள், அது என்ன என்று நாடே தெரிந்துகொண்டது அன்றைக்குத்தான். அதைத் திட்டாமல், உட்கார்ந்து சொல்லுங்கள்.

ஹெல்மட் போடுவது கோழைத்தனம் என்று அவன் சொன்னால், 2003-இல் பாரிஸ்-நீஸ் பந்தயத்தில் ஹெல்மட் போடாமல் விழுந்து இறந்த கஸகஸ்தான் வீரர் ஆந்திரேய் கிவிலேவைப் பற்றிச் சொல்லுங்கள். அதன்பிறகுதான் உலக சைக்கிள் சங்கம் பந்தயங்களில் ஹெல்மட்டைக் கட்டாயமாக்கியது. ஒலிம்பிக்கில் நமக்கு வெள்ளியும் வெண்கலமும் வாங்கித் தந்த அஸிஸுல்ஹஸ்னி அவாங்கும் ஹெல்மட் போட்டுத்தான் ஓட்டுகிறார்.

மழை வந்தால்?

மாலை மழை நமக்குப் புதிதில்லை, ஆனால் முதல் பத்து நிமிட மழைதான் மோசம். காய்ந்த சாலையில் படிந்திருந்த எண்ணெய் மிதந்து எழும். வெள்ளைக்கோடு, பெயிண்டு அடித்த சைக்கிள் பாதை, இரும்பு மூடி எல்லாமே வழுக்கும். அவற்றின் மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. ரிம்மைப் பிடிக்கும் பழைய வகைப் பிரேக் ஈரத்தில் உடனே பிடிக்காது, லேசாக இரண்டுமுறை தொட்டு ரிம்மைத் துடைத்துவிட்டு அழுத்துங்கள். தண்ணீர் தேங்கிய இடத்தின் அடியில் பள்ளமா, திறந்த லோங்காங்கா என்று தெரியாது, சுற்றிக்கொண்டு போங்கள். சாலையோர இரும்புச் சல்லடைகளில் சிலவற்றின் கம்பிகள் சாலை போகிற திசையிலேயே நீளவாக்கில் இருக்கும். மெல்லிய டயர் அதில் அப்படியே இறங்கிவிடும்.

இதோடு சேர்த்து இன்னொன்று, பினாங்கில் இருப்பவர்களுக்கு மட்டும். தைப்பூசத்துக்கு முதல் நாள் தேர் தண்ணீர்மலைக்குப் போகிற வழியெங்கும் தேங்காய் உடைக்கிறோம். கூட்டிப் பெருக்கிவிடுகிறார்கள் என்றாலும் சிரட்டைச் சில்லுகள் ஓரத்தில் தங்கிவிடும். அவை டயரைக் குத்தும், ஈரத் தேங்காய்த் துண்டில் சக்கரம் ஏறினால் சறுக்கும். அந்த இரண்டு மூன்று நாள் அந்தச் சாலைகளில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பது உத்தமம்.

லோரி, பஸ் பக்கத்தில் எப்படிப் போவது?

போகாமல் இருப்பதுதான் வழி. குறிப்பாக, சிக்னலில் நிற்கும் லோரியின் இடப்பக்கச் சந்தில் நுழையவே கூடாது. நம் நாட்டில் டிரைவர் வலப்பக்கம் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், இடப்பக்கக் கதவுக்குக் கீழே இருப்பது அவர் கண்ணுக்கு எட்டாது. லோரி இடப்பக்கம் திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உள்பக்கமாக ஒடுக்கி வரும். நீண்ட டிரெய்லராக இருந்தால் அந்த ஒடுக்கம் இன்னும் அதிகம். அந்த இடைவெளியில் சைக்கிள் இருந்தால் ஹெல்மட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

பிறையிலும் துறைமுகப் பக்கமும் வேலைக்குப் போகிறவர்கள் இதை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். லோரிக்குப் பின்னால் காத்திருங்கள், அது திரும்பி முடித்த பிறகு போங்கள். டிரைவரின் பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால் உங்களையும் அவருக்குத் தெரியாது.

ஓரத்தை ஒட்டியே போனால் பாதுகாப்புதானே?

அவ்வளவு ஒட்டிப் போகாதீர்கள். சாலை விளிம்பில் மணல், கண்ணாடிச் சில்லு, சல்லடை எல்லாம் இருக்கும், விலகுவதற்கு இடம் இருக்காது. பார்த்துவிட்டு, ‘இடம் இருக்கிறது’ என்று நினைத்துக் காரும் அதே தடத்தில் நெருக்கிக்கொண்டு கடக்கும். விளிம்பிலிருந்து ஏறக்குறைய முக்கால் மீட்டர் உள்ளே, நேர்கோட்டில் ஓட்டுங்கள். குறுகிய இடத்தில் தடத்தின் நடுவிலேயே போனாலும் தவறில்லை.

ஜார்ஜ் டவுனில் ஆபத்து கார்க் கதவு. லெபோ பினாங், லெபோ பசார் பக்கம் வரிசையாகக் கார் நிற்கும், சாமான் இறக்குகிறவர்கள் பின்னால் பார்க்காமல் கதவைத் திறப்பார்கள். நிற்கிற காருக்கும் உங்களுக்கும் இடையில் ஒரு கதவு அகலம், அதாவது ஒரு மீட்டருக்கு மேல் விடுங்கள். லெபோ ஆர்மேனியனில் சுவரோவியத்தோடு படம் எடுக்க வாடகைச் சைக்கிள் எடுக்கும் விருந்தாளிகளுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள், கடையில் ஹெல்மட்டும் கேட்கச் சொல்லுங்கள்.

எதிர்ப்பக்கமாக ஓட்டினால் வருகிற வண்டியைப் பார்க்கலாமே?

வேண்டாம். சந்திலிருந்து வெளியே வருகிற டிரைவர் வலப்பக்கம் பார்த்துவிட்டு இடப்பக்கம் திரும்புகிறார். நீங்கள் அவர் பார்க்காத பக்கத்திலிருந்து வருவீர்கள். மோதினால் இரண்டு வேகமும் சேர்ந்து அடிக்கும்.

பாலத்தில் சைக்கிள் ஓட்டலாமா?

இரண்டு பினாங்குப் பாலங்களிலும் அனுமதி இல்லை. மோட்டார் தடம் இருக்கிறதே என்று நுழையாதீர்கள். பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். 2021 முதல் அதில் கார் ஏற்றுவதில்லை, ஆட்களோடு மோட்டாரும் சைக்கிளும் ஏறும்.

தீவைச் சுற்றப் போகிறோம். எங்கே கவனம் வேண்டும்?

தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் பூலாவ் போகும் மலைச்சாலை. ஏறும்போது மூச்சு வாங்கும், அது ஆபத்தில்லை. இறங்கும்போதுதான் ஆபத்து. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை அழுத்தினால் சக்கரம் சறுக்கும், நுழைவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். மரநிழலில் சாலை காலை பத்து மணி வரைக்கும் ஈரமாக இருக்கலாம், இலைகள் ஒட்டிக்கிடக்கும். எதிரே வருகிற கார் வளைவில் கோட்டைத் தாண்டி வரும் என்றே வைத்துக்கொண்டு உங்கள் பக்கத்தில் இருங்கள். முதல்முறை வருகிற புதியவரை வரிசையின் கடைசியில் தனியாக விட்டுவிடாதீர்கள்.

ஹெல்மட் போட்டால் கார்கள் இன்னும் நெருங்கி வரும் என்கிறார்களே?

2006-இல் இங்கிலாந்தில் ஓர் உளவியல் ஆய்வாளர் தானே சைக்கிள் ஓட்டி அளந்து பார்த்ததில் அப்படி வந்தது. வித்தியாசம் சராசரியாக 8.5 சென்டிமீட்டர். பிறகு ஆஸ்திரேலியாவில் அதே தரவை மறுபடி ஆராய்ந்தவர்கள், ஒரு மீட்டருக்கும் குறைவான ஆபத்தான நெருக்கத்துக்கும் ஹெல்மட்டுக்கும் தொடர்பு இல்லை என்றார்கள். ஹெல்மட்டைக் கழற்ற இது காரணமாகாது.

நான் சைக்கிள் ஓட்டுவதில்லை, கார்தான். நான் என்ன செய்ய வேண்டும்?

சைக்கிளைக் கடக்கும்போது ஒன்றரை மீட்டர் விடுங்கள். இடம் இல்லையென்றால் பின்னாலேயே வாருங்கள், அரை நிமிடம்தான் போகும். பக்கத்தில் வந்து ஹாரன் அடிக்காதீர்கள், அதிர்ந்து ஆடிவிடுவார்கள். காரிலிருந்து இறங்கும்போது கதவை இடது கையால் திறங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிற சைக்கிள் கண்ணில் படும்.

விழுந்துவிட்டால், யாராவது இடித்துவிட்டால்?

தலையில் அடிபட்டவர் மயங்கிக் கிடந்தால் தூக்கி உட்காரவைக்காதீர்கள், கழுத்தை அசைக்காதீர்கள். 999-ஐ அழையுங்கள். எழுந்து நின்று ‘ஒன்றுமில்லை’ என்று சொன்னாலும் அன்றிரவு யாராவது கூட இருக்க வேண்டும். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழறும் பேச்சு, அளவுக்கு மீறிய தூக்கம், கை கால் பலவீனம் இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்கள் அறிகுறிக்குக் காத்திருக்கவே கூடாது, சின்ன அடியானாலும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

24 மணி நேரத்துக்குள் போலீஸ் ரிப்போர்ட் எழுதுங்கள். வண்டி எண், இடம், சைக்கிள் கிடந்த நிலை எல்லாவற்றையும் போனில் படமெடுங்கள். வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடந்திருந்தால், சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டும் தொழிலாளிக்கு அது வேலை சம்பந்தப்பட்ட விபத்தாகவே கணக்கில் வரும், சைக்கிளில் போயிருந்தாலும் சரி. இதைத் தெரியாமல் சொந்தக் காசில் வைத்தியம் பார்த்துக்கொண்டு, சம்பளம் இல்லாமல் வீட்டில் இருக்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். போலீஸ் ரிப்போர்ட், வேலை நேரப் பதிவு, மருத்துவச் சான்று மூன்றையும் பத்திரப்படுத்தி, கம்பெனியில் உடனே தெரிவியுங்கள்.

அடிபட்ட ஹெல்மட்டையும் உடனே எறிந்துவிடாதீர்கள். எல்லாப் பக்கமும் படமெடுத்து, வழக்கும் இழப்பீடும் முடியும் வரை வைத்திருங்கள். முடிந்ததும் வாரை வெட்டிவிட்டுக் குப்பையில் போடுங்கள், இல்லையென்றால் யாராவது எடுத்துப் பிள்ளைக்குப் போட்டுவிடுவார்கள்.